உயிரியல் படித்தால் டாக்டர் மட்டும்தானா?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்த பிள்ளையிடம் நம் ஊரில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டாக்டராகப் போறியா?" இசட் புள்ளி போதாவிட்டால் மகன் கடையில் உட்காருகிறான், அல்லது கட்டாருக்குப் போகிறான். மகளின் படிப்பு பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடுகிறது. டியூஷனுக்குக் கொட்டிய பணம் வீண் என்று தகப்பன் சலித்துக்கொள்கிறார்.

வியாபாரிகளாகிய நாம் வேறு கணக்குப் போட வேண்டும். கற்பிட்டி, புத்தளம் பகுதியில் நம்முடைய முதல் எங்கே அழிகிறது? அதைக் காக்கும் படிப்பு எது?

முதலாவது, இறால். 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது நம் மாவட்டத்துப் பண்ணைகள் பெரும் நஷ்டம் கண்டன. அந்த வைரஸ் மனிதருக்குத் தீங்கு செய்யாது. ஆனால் ஒரு குளத்தில் புகுந்தால் 3 முதல் 10 நாட்களுக்குள் அனைத்தையும் கொன்றுவிடும். தாய் இறாலில் இருந்தும், நண்டு மூலமும், பக்கத்துப் பண்ணை வெளியேற்றும் நீரிலும் அது வரும். குஞ்சு விடும் முன் செய்யும் பரிசோதனை, கொரோனா காலத்தில் நாம் அறிந்த அதே பீ.சீ.ஆர். முறைதான். அதைச் செய்பவரும், பொரிப்பகத்தில் குஞ்சுக்குப் பாசி வளர்ப்பவரும் உயிரியல் படித்தவர்களே.

இரண்டாவது, கடலட்டை. 2020 ஆகஸ்டிலிருந்து சில இனங்கள் சைட்டிஸ் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளன. ஏற்றுமதியால் அந்த இனம் அழியாது என்று விஞ்ஞான ரீதியாக உறுதிப்படுத்தினால்தான் அவற்றுக்கு அனுமதி கிடைக்கும். எது எந்த இனம் என்று பிரித்தறியும் ஆள் இல்லாவிட்டால் சரக்கு முடங்கும்.

மூன்றாவது, தோட்டம். நம் மணல் நிலத்தில் போடும் பசளையின் நைத்திரேற்று கிணற்று நீருக்கு இறங்குகிறது. மண்ணையும் நீரையும் சோதித்து அளவாகப் பசளையிடச் சொல்பவர், செலவையும் குடிநீரையும் ஒன்றாகக் காப்பாற்றுகிறார்.

படிக்க இடமும் உண்டு. வயம்ப பல்கலைக்கழகத்தின் மாகந்துர வளாகத்தில் கால்நடை, கடற்றொழில், போஷாக்கு பீடம் இருக்கிறது. ருஹுணுவில் கடற்றொழில், கடல் விஞ்ஞானத்துக்குத் தனிப் பீடம் உண்டு. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை வளாகத்தில் உயிரியல் விஞ்ஞானம் படிக்கலாம். மிருக வைத்தியத்துக்குப் பேராதனை. 'நாரா'வின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் கற்பிட்டியிலேயே உள்ளது. பிள்ளையை ஒரு நாள் அங்கே அழைத்துச் சென்று விசாரித்துப் பாருங்கள்.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. தனியொரு சிறு பண்ணையால் பட்டதாரி ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது கஷ்டம். ஐந்து பேர் சேர்ந்தால் முடியும். அவர் தடுக்கும் ஒரு நோய், பல மாதச் சம்பளத்தை மிச்சப்படுத்தும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளைச் சில மாதம் பண்ணையில், பதனிடும் நிலையத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலியும் கொடுங்கள். தான் படித்த பாடம் எங்கே பயன்படுகிறது என்று பிள்ளை நேரில் காணட்டும்.

நாம் வேலை கொடுக்காவிட்டால், படித்த பிள்ளை ஊரை விட்டுப் போகும். நஷ்டம் மட்டும் நம்மிடம் தங்கும். அல்லாஹ் நம் பிள்ளைகளின் இல்மிலும் நம் வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக.