ஓட்டத்தில் முதலிடம், தேர்வில் 141-ஆவது இடம்: ஏன்?

கேள்வி: சில வருடங்களாக அமெரிக்கக் கால்பந்து பார்த்து வருகிறேன். 2018-இல் ஷகீம் கிரிஃபின் என்ற லைன்பேக்கர் தேர்வு முகாமில் 40 யார்டு தூரத்தை 4.38 விநாடியில் ஓடினார். 2003-க்குப் பிறகு எந்த லைன்பேக்கரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை என்றார்கள். ஆனால் டிராஃப்டில் அவரை 141-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். வேகத்துக்கு மதிப்பில்லை என்றால் எதற்கு ஓடச் சொல்கிறார்கள்? ஒரு லைன்பேக்கரை அணிகள் எப்படித்தான் எடைபோடுகின்றன?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஓடச் சொல்வானேன், ஓடியபின் ஒதுக்குவானேன் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஸ்டாப்வாட்சை முழுசாக நம்பிவிட்டு, அது ஏமாற்றிவிட்டதாக அதன் மேலேயே புகார் கொடுக்கிறீர்கள் என்பது மட்டும்தான் சின்ன வேடிக்கை!

இந்த ஆட்டம் பழக்கமில்லாத வாசகர்களுக்காக முதலில் சில வரிகள். என்எஃப்எல் லீக்கில் 32 அணிகள். கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை ஆண்டுதோறும் ஏப்ரலில் ஏழு சுற்றுகளாக முறைவைத்து எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். இது ஏலமல்ல, போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் உரிமை. லைன்பேக்கர் என்பவர் தடுப்பாட்டத்தில் இரண்டாம் வரிசைக்காரர். முன்னால் முட்டிமோதும் பருத்த ஆட்களுக்குச் சில அடி பின்னால் நிற்பார். எதிரணி பந்தை ஏந்தி ஓடினால் முன்னே பாய்ந்து மடக்க வேண்டும். பந்தை எறிந்தால் பின்னே ஓடி, அதை வாங்க வருபவரைக் காவல் காக்க வேண்டும். இரண்டில் எது நடக்கப்போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லமாட்டார்கள். பந்து கிளம்பிய கண நேரத்தில் அவரே கண்டுபிடிக்க வேண்டும்.

இனி அந்த 40 யார்டுக்கு வருவோம். அது ஏறக்குறைய 36.6 மீட்டர். வேகமாக ஓடுபவர்தான் நல்ல லைன்பேக்கர் என்று ரசிகர்களில் பாதிப்பேர் நம்புகிறார்கள். ஆனால் ஒரு லைன்பேக்கர் ஆட்டத்தில் 36 மீட்டரை நேர்கோட்டில் ஓடுவது அபூர்வம். அவருடைய வேலை பெரும்பாலும் பத்து யார்டுக்குள், பக்கவாட்டில் நடப்பது. 4.6 விநாடிக்காரருக்கும் 4.8 விநாடிக்காரருக்கும் கடைசிக் கோட்டில் ஒன்றரை மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். முதல் பத்து யார்டில் அது ஏறக்குறைய அரை மீட்டராகச் சுருங்கிவிடும். வேகக்காரர் ஏமாந்துபோய் ஓரடி தப்பான திசையில் எடுத்துவைத்தால் போதும், அந்த அரை மீட்டரும் போச்சு. நூறு மீட்டர் ஓட்டத்தில் பதக்கம் வாங்கியவரைக் கபடி அணியில் சேர்த்துப் பாருங்கள். பாடி வருபவரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கத் தெரியாவிட்டால் அந்தக் கால்வேகத்தால் ஒரு பிடியும் கிடைக்காது.

ஆகவே அணிகள் தேடுவது, முதல் அடியைச் சரியாக வைக்கிற ஆளை. அது ஓட்டப் பாதையில் தெரியாது; ஆட்டப் பதிவில்தான் தெரியும்.

ஸ்கவுட்டுகள், அதாவது வீரர்களைத் தேடி ஊர் ஊராக அலையும் அணியின் கண்காணிகள், டிராஃப்டுக்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே கல்லூரிகளுக்குப் போய்விடுவார்கள். ‘ஆல்-22’ என்ற பதிவைப் போட்டு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பார்கள். களத்திலுள்ள 22 பேரும் ஒரே சட்டத்துக்குள் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கும் படம் அது. லைன்பேக்கரிடம் முதலில் பார்ப்பது ‘கீ’ வாசிப்பு. கீ என்பது, பந்து எங்கே போகும் என்பதைத் தன் அசைவால் காட்டிக்கொடுக்கும் எதிரணி ஆள். பெரும்பாலும் அவர் கார்ட், அதாவது எதிரணி முன்வரிசையில் நடு ஆளுக்குப் பக்கத்தில் நிற்பவர். கார்ட் முன்னால் பாய்ந்தால் பந்தை ஏந்தி ஓடப்போகிறார்கள். நிமிர்ந்து பின்வாங்கினால் எறியப்போகிறார்கள். வரிசையை விட்டுப் பக்கவாட்டில் கிளம்பினால், பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் ஓட்டம் வரும். இதை அரை நொடிக்குள் வாசித்துவிட்டாரா? குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், பக்கத்திலிருப்பவரிடம் கொடுப்பதுபோல் பாசாங்கு செய்யும்போது எத்தனை அடி முன்னே இழுக்கப்பட்டார்? இதைத்தான் எண்ணுவார்கள்.

அடுத்தது கைகள். தன்மேல் மோத வரும் 140 கிலோ ஆளை உதறிவிட்டுப் பந்துக்காரனிடம் போய்ச் சேர்கிறாரா, அல்லது சுற்றிக்கொண்டு போய்ப் பாதையைத் திறந்துவிடுகிறாரா? பிறகுதான் டேக்கிள், அதாவது பந்துக்காரனைப் பிடித்து வீழ்த்துவது. இங்கே எண்ணிக்கை ஏமாற்றும். ஒருவர் ஆட்டத்துக்குப் பத்து டேக்கிள் செய்திருப்பார். எல்லாமே எதிரணி எட்டு யார்டு முன்னேறிய பிறகு செய்தவையாக இருக்கும். ஆறே டேக்கிள் செய்தவர் எல்லாவற்றையும் இரண்டு யார்டுக்குள் முடித்திருப்பார். ஸ்கவுட் இரண்டாமவர் பெயரைத்தான் குறித்துக்கொள்வார்.

காவல் வேலையின் மதிப்பு இப்போது கூடியிருக்கிறது. எறிந்தாடும் ஆட்டம் பெருகியதால் அணிகள் ‘நிக்கல்’ அமைப்பிலேயே அதிக நேரம் நிற்கின்றன. ஒரு லைன்பேக்கரை வெளியே உட்காரவைத்துவிட்டு, பின்களக் காவலர்களை ஐந்தாக்கும் அமைப்பு அது. களத்தில் மிஞ்சும் இரண்டு லைன்பேக்கர்களும் எறியும் பந்துக்கு எதிராகவும் நிற்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

சரி, எதற்கு ஓடச் சொல்கிறார்கள்? படத்தில் பார்த்ததைச் சரிபார்க்கத்தான். 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் ‘கம்பைன்’ என்ற தேர்வு முகாமுக்கு முந்நூறுக்கும் அதிகமானவர்களை அழைக்கிறார்கள். ஓட்டம், தாவல், 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறார், சட்டென்று திசை மாறுகிறாரா என்று சோதிக்கிறார்கள். படத்தில் மெதுவாகத் தெரிந்தவர் இங்கே வேகமாக ஓடினால், ஸ்கவுட் திரும்பிப்போய்ப் படத்தைப் பார்ப்பார்: ‘கால் இருக்கிறது, அப்படியானால் ஆட்டத்தில் தயங்கியது ஏன்?’

தொலைக்காட்சி அதிகம் காட்டாத இரண்டு அறைகளில்தான் கம்பைனின் கனமான வேலை நடக்கிறது. ஒன்று மருத்துவர்களுடையது. 2016-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் ஜேலன் ஸ்மித், முதல் ஐந்து இடங்களுக்குள் போவார் என்று பேசப்பட்டவர், கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டார். தசைநார்களோடு நரம்பும் பாதிக்கப்பட்டிருந்ததால் அணிகள் பின்வாங்கின. 34-ஆவதாக எடுத்த டாலஸ் கௌபாய்ஸுக்கு ஓர் அனுகூலம் இருந்தது: அவருக்கு அறுவை சிகிச்சை செய்தவர் அந்த அணியின் மருத்துவர். முதல் பருவம் முழுதும் உட்கார்ந்திருந்த ஸ்மித், 2019-இல் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பவுல் ஆட்டத்துக்குத் தேர்வானார்.

இன்னொன்று நேர்காணல் அறை. பயிற்சியாளர் வீரரின் சொந்த ஆட்டப் படத்தையே போட்டு நிறுத்தி, ‘இங்கே உன் வேலை என்ன? பக்கத்தில் இருப்பவன் வேலை என்ன?’ என்று கேட்பார். புதிய வியூகம் ஒன்றைப் பலகையில் வரைந்து காட்டிவிட்டு வேறு கதை பேசுவார். பிறகு அதைத் திரும்பச் சொல்லச் சொல்வார். காரணம் இருக்கிறது. 2008 முதல் தடுப்பாட்டத்தில் ஒருவருடைய தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும் வானொலி உண்டு. கவசத்தின் பின்னால் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளி பெரும்பாலும் லைன்பேக்கருக்குத்தான். ஒவ்வொரு முறையும் பந்தைக் கிளப்பத் தரும் நேரத்தில் 15 விநாடி மிஞ்சும்போது குரல் நின்றுவிடும். அதன்பின் மற்ற பத்துப் பேரையும் இடம் மாற்றி நிறுத்த வேண்டியது அவர் பொறுப்பு.

இப்போது கிரிஃபினைப் பாருங்கள். நான்கு வயதில் இடது கையை இழந்தவர் அவர். ஆட்களை உதறுவதற்கு ஒரு கை போதுமா என்ற ஐயம் அணிகளுக்கு இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் அவர் ஆடி வந்த இடம். கல்லூரியில் பெரும்பாலும் அவர் எட்ஜ் ரஷர். அதாவது வரிசையின் ஓரத்திலிருந்து நேரே குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர். என்எஃப்எல்-இல் அந்த வேலைக்கு அவருடைய 103 கிலோ உடல் சிறியது. ஆகவே உள்ளே நின்று வாசிக்கும் லைன்பேக்கராக அவர் மாற வேண்டும். அதை அவர் செய்து காட்டிய படம் அணிகளிடம் அதிகம் இல்லை. எடுத்துக்கொண்ட சியாட்டில் சீஹாக்ஸ் முதல் ஆட்டத்திலேயே அவரை இறக்கிப் பார்த்தது. நிலையான இடம் அமையவில்லை.

ஓரத்திலிருந்து பாய்பவரா, உள்ளே நின்று வாசிப்பவரா என்ற இந்தப் பிரிவு, டிராஃப்டில் எத்தனையாவதாகப் போவார் என்பதையும் தீர்மானிக்கிறது. ஓரத்திலிருந்து பாய்பவர்கள் முன்னாலேயே போய்விடுவார்கள்: வான் மில்லர் 2011-இல் 2-ஆவது, கலீல் மேக் 2014-இல் 5-ஆவது. இருவரும் பட்டியலில் லைன்பேக்கர்கள்தான். உள்ளே நிற்பவர்கள் பெரும்பாலும் காத்திருக்க வேண்டும். நிமோனியாவால் கம்பைனில் ஓடாத பாபி வாக்னர் 2012-இல் 47-ஆவதாகத்தான் போனார். அவருடைய தலைமுறையின் மிகச் சிறந்த லைன்பேக்கர்களில் ஒருவரானார்.

இவ்வளவு பார்த்தும் தப்பு நடக்கிறது. 2008-இல் கல்லூரியின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது பெற்ற ஆரன் கரியை, ஆபத்தே இல்லாத தேர்வு என்று சொல்லி 2009-இல் 4-ஆவதாக எடுத்தார்கள். மூன்றாம் பருவத்தின் நடுவிலேயே அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். மாறாக, குள்ளம் என்று கருதப்பட்ட சாக் தாமஸ் 1996-இல் 154-ஆவதாகப் போனார். 2023-இல் புகழ்மன்றத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆட்டத்தை வாசிப்பதில் அவர் கெட்டிக்காரர். அளவுநாடாவில் அது ஏறவில்லை.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். அடுத்த ஆட்டத்தில் பந்து கிளம்பியதும் பந்தை மறந்துவிட்டு, நடுவில் நிற்கும் லைன்பேக்கரின் முதல் இரண்டு அடிகளை மட்டும் கவனியுங்கள். ஆட்டத்தின் முதல் கால் பாகம் முடிவதற்குள் அவரை எத்தனையாவதாக எடுத்திருக்கலாம் என்று உங்களுக்கே ஓர் அபிப்பிராயம் வந்துவிடும். ஸ்கவுட்டின் வேலையில் பாதி அதுதான்.