காலடியில் கொதிக்கும் பூமி

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

அடுப்பு மூட்டாமலே வெந்நீர் கிடைக்கும் ஊர் ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா, தோழியரே? நியூசிலாந்து நாட்டின் வடக்குத் தீவிலுள்ள ரோட்டோருவா அத்தகைய ஊர். அங்கே பூங்காவிலும் நீராவி எழுகிறது. காற்றில் கந்தக நெடி வீசுகிறது. மாவோரி மக்கள் பல தலைமுறைகளாக அவ்வூற்றுகளில் சமைத்தும் குளித்தும் வந்திருக்கிறார்கள். விடியற்காலையில் தண்ணீர் காய வைக்கும் நம் தாய்மாருக்கு இதைக் கேட்டால் பொறாமையாகக்கூட இருக்கும்! ஆனால் வெந்நீரைத் தரும் அதே நிலம் வேறு எவற்றையெல்லாம் தருகிறது என்பதையும் நாம் அறிய வேண்டும் அல்லவா?

பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்துள்ளது என்று பூகோளப் பாடத்தில் படித்தோம். வடக்குத் தீவின் கிழக்கே பசிபிக் தட்டு, ஆஸ்திரேலியத் தட்டின் அடியில் மெல்ல நுழைகிறது. நுழையும் தட்டு நீரையும் தன்னுடன் கொண்டு செல்கிறது. அந்நீர் ஆழத்திலுள்ள சூடான பாறையில் சேரும்போது, பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிக் குழம்பாகி மேலே எழுகிறது. அதே சமயத்தில் மேலேயுள்ள நிலமும் இரு பக்கமும் இழுபடுகிறது. பிசைந்த சப்பாத்தி மாவை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். நடுவில் மெலியும், பிறகு கீறல் விழும். ருவாப்பேகு எரிமலையிலிருந்து கடலிலுள்ள வெள்ளைத் தீவு வரை நீளும் டாப்போ எரிமலை மண்டலம் இப்படி இழுபட்டுக் கீறிய நிலமே ஆகும்.

இக்கீறல்களின் வழியே மழைநீர் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறுகிறது. குக்கருக்குள் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் நீராகவே இருப்பது போல, ஆழத்தின் அழுத்தத்தால் அந்நீர் 200 டிகிரிக்கு மேல் சூடேறியும் ஆவியாவதில்லை. மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் சீறிக்கொண்டு ஆவியாகிறது. வைராக்கே என்னுமிடத்தில் 1958-ஆம் ஆண்டு முதல் இந்த ஆவியால் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் பூமியிலிருந்து மிகுதியாக எடுத்ததால் அருகிலிருந்த வெந்நீர்ப் பீச்சூற்றுகள் அடங்கிப்போயின. ரோட்டோருவாவிலும் ஊற்றுகள் தளர்ந்தன. 1980-களில் அரசு, பொஹுட்டு என்னும் பீச்சூற்றைச் சுற்றி 1.5 கி.மீ. தொலைவுக்குள் இருந்த துளைக்கிணறுகளை மூடச் செய்தது. ஊற்றுகள் மீண்டும் வலுப்பெற்றன.

வெந்நீர் ஏறும் கீறலே நிலநடுக்கத்துக்கும் காரணமாகிறது. 1987 மார்ச் 2-ஆம் நாள் எட்ஜ்கம் என்ற ஊரில் 6.5 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. பிளவின் ஒரு பக்க நிலம் சில இடங்களில் ஏறத்தாழ 2 மீட்டர் கீழே இறங்கியது. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒரு சிறிய அதிர்ச்சி வந்திருந்தது. அதனால் பலர் கட்டடங்களை விட்டு வெளியே வந்திருந்தனர். இடிபாடுகளில் சிக்கி ஒருவரும் இறக்கவில்லை!

எரிமலையும் இக்கீறல்களின் வழியே வெளிப்படுகிறது. 1886 ஜூன் 10 அதிகாலையில் டராவேரா மலையும் அதை அடுத்த நிலமும் 17 கி.மீ. நீளத்துக்குப் பிளந்து வெடித்தன. சுமார் 120 பேர் மாண்டனர்.

ஆயினும் எங்கள் மனத்தை மிகவும் தொட்டது ருவாப்பேகுவின் கதை. அம்மலையின் உச்சியில் ஓர் ஏரி உண்டு. 1953-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் ஏரியின் கரை உடைந்தது. சேறும் பாறையும் பனிக்கட்டியும் கலந்த வெள்ளம் ஆற்றில் பாய்ந்து, டாங்கிவாய் ரயில் பாலத்தைச் சிதைத்தது. பண்டிகைக்குச் செல்லும் பயணிகளுடன் ரயில் வந்துகொண்டிருந்தது. சிரில் எல்லிஸ் என்பவர் கையில் டார்ச் விளக்குடன் தண்டவாளத்தின் ஓரமாக ஓடி எச்சரித்தார். ஓட்டுநர் பிரேக் போட்டும் பயனில்லை. இன்ஜினும் முன்பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 151 பேர் மாண்டனர். மாவோரி மொழியில் டாங்கிவாய் என்றால் ‘அழும் நீர்’ என்று பொருளாம்.

1995, 1996-ஆம் ஆண்டுகளில் மலை மீண்டும் வெடித்தது. ஏரியின் வாயில் சாம்பல் குவிந்து கரை போல் நின்றது. நீர் நிறைந்தால் அக்கரை ஒருநாள் உடையும் என்று அறிவியலாளர் கணித்தனர். ஆற்றின் மேற்பகுதியில் எச்சரிக்கைக் கருவிகளை அமைத்துக் காத்திருந்தனர். 2007 மார்ச் 18 அன்று கரை உடைந்தது. கருவிகள் உடனே எச்சரித்தன. சாலையும் ரயில் பாதையும் மூடப்பட்டன. வெள்ளம் அதே டாங்கிவாய் வழியாகவே பாய்ந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அதே மலைதான், அதே ஆறுதான். மாறியது மனிதரின் விழிப்பே. 1953-இல் ஒரு மனிதரின் டார்ச் விளக்கு செய்ய முயன்றதை, 2007-இல் பலருடைய பல்லாண்டு உழைப்பு செய்து முடித்தது.

நம் பள்ளியில் தீ விபத்து ஒத்திகைக்கு மணி அடிக்கும்போது, நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டே மைதானத்துக்குப் போவோம். சிஸ்டரிடம் திட்டும் வாங்குவோம். இக்கட்டுரைக்காகப் படித்த பிறகு வந்த ஒத்திகையில் எங்கள் வகுப்பு வரிசை குலையாமல் நடந்தது. சிஸ்டர் வியப்போடு பார்த்தார்கள். காரணம் என்னவென்று இதைப் படிக்கும்போது அவர்களுக்குத் தெரிந்துவிடும்!