கல்லணையிற் கற்ற எஞ்சினீயர்

வேற்று நாட்டிலிருந்து வந்து ஒரு தொழிலிற் றலைமை எய்தியவர்க்கு ஆசிரியர் யாவர்? சர் ஆர்தர் காட்டன் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. 1821-இற் சென்னையில் வந்திறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. நம்மிற் பலரினும் இளையர். பின்னர்க் காவிரிப் பாசனத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தாழ்ந்த கொள்ளிடம் வெள்ளத்தை ஈர்த்துக்கொள்ள, காவிரியோ மணலால் மேடிட்டுத் தஞ்சை வயல்கள் நீர் குறைந்து வாடிய காலம் அது. கொள்ளிடத்தை மறிக்கவேண்டும், ஆயின் ஆழங்காணா மணலில் அணை நிற்பது எங்ஙனம்? கல்லணையைக் கட்டியோர் பெருங்கற்களை மணலில் இட்டு, அவை அமிழ அமிழ மேலும் கற்களை அடுக்கி, அசையா நிலை கண்டிருந்தனர். அப்பாடத்தைத் துணைக்கொண்டே 1836-இல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. 1852-இற் கோதாவரி அணையும் நிறைவுற்றது. 1861-இற் 'சர்' பட்டம் வந்தது. இத்துணைப் புகழெய்திய பின்னரும், மணலில் அடித்தளமிடும் வித்தையை இந்நாட்டாரிடமே கற்றோம் என்று அவர் எழுதினர். அவ்வாசிரியர்களின் பெயரை எந்த எஞ்சினீயர் சங்கத்தின் ஏட்டிலும் காணோம்.