திடீர் ஓசையும் செவியும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலை, பசுமைக்கும் அமைதிக்கும் பெயர் பெற்றது. அங்கு 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தோன்றியபோது, தொழிலாளர்கள் கையால் கொழுந்து பறித்தனர். இன்று செங்குத்தான சரிவுகளில் கத்தரியும், ஏனைய இடங்களில் இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரமும் கொழுந்தை வெட்டுகின்றன. வேலை நேரத்தில் இயந்திர இரைச்சல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. தீபாவளிக் காலத்திலோ குடியிருப்புகளில் பட்டாசு திடீரென வெடிப்பதுண்டு. இவ்விரண்டு ஓசைகளும் செவியைத் தாக்கும் விதம் வெவ்வேறானது.

ஓசை என்பது காற்றில் பரவும் அதிர்வு. அது செவிப்பறையில் மோதி, நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகள் வழியாக நத்தை ஓடு போன்ற உட்செவியை அடைகிறது. அங்குள்ள ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் அவ்வதிர்வை நரம்புச் சைகையாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. மிகுந்த இரைச்சல் நாள்தோறும் தொடர்ந்தால், இந்த அணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன.

பேரோசை எழும்போது நடுச்செவியின் நுண்தசைகள் சுருங்கி, சிற்றெலும்புகளின் அசைவைக் குறைக்கின்றன. இஃது இயற்கை அளித்த காப்பு. ஆனால், தசை சுருங்குவதற்குச் சிறிது நேரம் தேவை. அருகில் வெடிக்கும் பட்டாசின் அதிர்வு அதற்குள் உட்செவியைத் தாக்கிவிடுகிறது. சில வேளைகளில் செவிப்பறையும் கிழிந்துவிடும். ஆகவேதான், தொடர் இரைச்சல் பல ஆண்டுகளில் செய்யும் கேட்டை, திடீர் ஓசை ஒரே நொடியில் செய்துவிடக்கூடும்.

காதில் ரீங்காரம், அடைப்பு, பிறர் பேச்சு தெளிவாகக் கேளாமை ஆகியவை இதன் அறிகுறிகள். இவை சில மணி நேரத்தில் மறையலாம். மறையாவிட்டால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகள் இரு கேடுகளையும் கருத்தில் கொண்டுள்ளன. எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 85 டெசிபல் வரம்பாகும். திடீர் ஓசையின் உச்சம் 140 டெசிபலைத் தாண்டக்கூடாது. அருகில் வெடிக்கும் பட்டாசு இந்த உச்சத்தையும் மீறக்கூடும்.

இயந்திரத்தை இயக்குவோர் வேலை தொடங்கும் முன்பே காதுக் கவசம் அணிய வேண்டும். பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து சிறுவர்கள் விலகி நிற்க வேண்டும். கிள்ளிய தேயிலைக் கொழுந்து சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும். அழிந்த மயிரணு மீண்டும் துளிர்ப்பதில்லை. எனவே, செவியை வருமுன் காப்பதே அறிவுடைமை.