வான்குடைக் கயிறு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கரிசல் நிலம் உண்டு. பருத்தி அங்குச் செழித்து விளையும். பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் உண்டு. பம்புசெட்டுகள் வருவதற்கு முன்னர் இத்தகைய புன்செய்ச் சீமைகளின் கிணறுகளில் கவலை ஓடிற்று. மாடுகள் சரிவில் இறங்க, நீர் நிறைந்த சால் மேலே ஏறும். அதில் இரண்டு கயிறுகள் உண்டு. சாலைத் தூக்குவது பருத்த வடம். அஃது உயரத்தில் உள்ள உருளையின்மேல் ஓடும். சாலின் அடியில் தொங்கும் தோல் தும்பியை இழுப்பது மெல்லிய வால்கயிறு. அது கிணற்று விளிம்பில் உள்ள உருளையின்மேல் ஓடும். வால்கயிறு நீண்டுவிட்டால் தும்பியின் வாய் தாழ்ந்து, நீரெல்லாம் வழியிலேயே கிணற்றுக்குள் கொட்டிவிடும். அது குறுகிவிட்டாலோ, சால் மேலே வருமுன் தும்பி இழுபட்டுத் தோல் கிழியும். ஆகவே கவலை ஓட்டிய உழவர், கயிறு அறுந்துள்ளதா என்று பார்த்ததோடு நிற்கவில்லை. இரு கயிறுகளின் அளவும் தம்முள் பொருந்தி நிற்கின்றனவா என்றும் பார்த்தனர்.

கயிற்றின் நீளம் ஏன் மாறுகிறது? மழையில் நனைந்த கொடிக்கயிறு விறைத்து நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பருத்தி இழை நீரை உறிஞ்சினால் பருக்கும். கயிறு என்பது முறுக்கிய இழைகளின் தொகுதியன்றோ? உள்ளே இருப்பது பருத்தால், அதனைச் சுற்றிவரும் இழை முன்னிலும் நெடிய வழியைச் சுற்ற வேண்டியதாகும். இழையின் நீளமோ அவ்வளவுக்குக் கூடவில்லை. எனவே கயிறு முழுவதும் குறுகுகிறது. 1586ஆம் ஆண்டு உரோமாபுரியில் மாபெரும் கற்றூண் ஒன்றை நிறுத்தியபோது தளர்ந்த கயிறுகளை நீர் ஊற்றி இறுகச் செய்தனர் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அதிலுள்ள இயற்பியல் மெய்யே.

கயிற்றின் அளவு மாறுவதனால் மனித உயிருக்கே ஊறு நேரக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதுவே பாராசூட் எனப்படும் வான்குடை. 1797ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், கார்னரின் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிசு நகரின்மேல் பறந்த பலூனிலிருந்து பட்டு வான்குடையின் துணையால் இறங்கினார். நெடுங்காலம் வான்குடைக்குப் பட்டே பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரில் சப்பானியப் பட்டு கிடைக்காமற்போகவே, நைலான் அவ்விடத்தைப் பிடித்தது. இன்று வான்குதிப்பு விளையாட்டு வீரர் பயன்படுத்துவது பழைய வட்டக்குடை அன்று. 1964ஆம் ஆண்டில் தாமினா சால்பர்ட் என்பார் வகுத்த முறையைப் பின்பற்றிய நீள்சதுரக்குடை அது. இரண்டு துணிப்பரப்புகளுக்கிடையே அறைகள் பல இருக்கும். முன்வாய் வழியே காற்றுப் புகுந்து அவற்றை நிரப்ப, குடை ஒரு சிறகாக மாறும். வீரரைச் சிறகோடு இணைப்பவை தாங்குகயிறுகள். முன்வரிசைக் கயிறுகள் குட்டையாகவும், பின்வரிசைக் கயிறுகள் நீளமாகவும் இருக்கும். இந்த வேறுபாட்டினாலேயே சிறகு முன்புறம் சற்றே தாழ்ந்து, காற்றை வெட்டிக்கொண்டு சறுக்கிச் செல்கிறது.

வீரர் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கையில் குடை சட்டென்று விரிந்தால் உடல் தாங்காது. ஆதலின் கயிறுகளின்மேல் நீள்சதுரமான ஒரு சிறு துணியைக் கோத்திருப்பர். அதன் நான்கு மூலைகளிலும் உலோக வளையங்கள் உண்டு. கயிறுகள் அவற்றினூடே செல்லும். குடை விரிய முற்படும்போது காற்று இத்துணியை மேல்நோக்கி அழுத்தி விரிதலைத் தாமதப்படுத்தும். பின்னர், விரியும் குடை அதனைக் கீழே தள்ள, வளையங்கள் கயிறுகளை உரசிக்கொண்டு சில நொடிகளில் வீரரின் தலைக்குமேல் வந்து நிற்கும். இவ்வளவு எளிய பொருள் எத்தனை உயிர்களைக் காக்கின்றது! ஆனால் கயிற்றின் குறுக்கத்திற்கு முதற்காரணமும் இதுவே.

உரசினால் வெப்பம் பிறக்கும். ஸ்பெக்ட்ரா என்னும் பெயரால் விற்கப்படும் கயிறு பாலிஎத்திலீன் இழையால் ஆனது. கடைகளில் தரும் மெல்லிய பைகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. எடையில் நீரினும் இலேசானது. வலிமையிலோ எஃகுக் கம்பியையும் விஞ்சுவது. இதன் நெடிய மூலக்கூறுகளை நூற்கும்போதே இழுத்து, ஒன்றையொன்று ஒட்டி நேர்வரிசையில் நிற்கச் செய்கின்றனர். வலிமைக்குக் காரணம் அந்த நேர்வரிசையே. எனினும் இழை ஏறத்தாழ 147 பாகை செல்சியசில் உருகிவிடும். உருகுமளவுக்குச் சூடேறாவிடினும், சூடேறுந்தோறும் மூலக்கூறுகள் நேர்மை குலைந்து சுருள முயலும். சூடான பொருளின் அருகே பிளாஸ்டிக் தாள் சுருண்டு ஒடுங்குவது இதனாலேயே. (இதனை வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டா, புகை நஞ்சாகும்.) இவ்வாறு ஒவ்வொரு குதிப்பிலும் கயிறு சிறிது சிறிதாகக் குறுகி, சில நூறு குதிப்புகளுக்குப்பின் அங்குலக் கணக்கில் குறைந்துவிடுகிறது. பின்னலுக்குள் புகும் மணலும் தூசியும் இதற்குத் துணைசெய்கின்றன. நனைந்த பருத்திக் கயிற்றில் நீர் செய்த வேலையை இங்குத் தூசி செய்கிறது எனலாம்.

கயிறுகள் எல்லாம் ஒரே அளவாகக் குறுகினால் தீங்கு பெரிதன்று. அவ்வாறு நிகழ்வதில்லை. வளையத்தோடு அழுந்தி உரசும் ஓரக்கயிறுகள் மிகுதியாகச் சூடேறும். நடுக்கயிறுகள் குறைவாகவே உரசும். அவற்றினும் மிகுதியாகக் குறுகுபவை, வீரர் கையால் இழுத்துத் திசை திருப்பும் பின்கயிறுகள். இவை கைவிட்ட நிலையில் தளர்ந்து, காற்றில் வில்போலப் பின்னோக்கி வளைந்திருத்தல் வேண்டும். குறுகிவிட்டாலோ வீரர் இழுக்காதபோதும் சிறகின் பின்விளிம்பை அவை கீழே இழுத்துக்கொண்டேயிருக்கும். தடையை மிதித்துக்கொண்டே வண்டி ஓட்டுவதுபோல் ஆகிவிடும் அது. குடை வேகங் குன்றும். தரையிறங்கும் வேளையில் கயிற்றை இழுத்தால், சிறகு காற்றின் தாங்கலை எதிர்பாராமல் இழந்து வீரரைக் கீழே போடவுங்கூடும். இடக்கயிறுகளும் வலக்கயிறுகளும் வேறுபட்டால் குடை தானே ஒருபுறம் திரும்பும். விரிதலும் வரவரக் கடுமையாகும். இத்தனையும் கயிறு ஒன்றுகூட அறாமலே நேர்வன. கண்ணுக்குப் புலப்படாத பழுது என்பதே இதன் கொடுமை.

அப்படியாயின் வேறு இழையைக் கொள்ளலாகாதோ? கொள்கின்றனர். வெக்ட்ரான் என்னும் இழை குறுகுவதில்லை. நீளம் நிலைத்து நிற்கும். ஆனால் உராய்விலும் வெயிலிலும் அது நைந்து, ஒருநாள் அறுந்துவிடும். டேக்ரான் எனப்படும் பாலியெஸ்டர் கயிறு சற்றே நீண்டுகொடுத்து அதிர்ச்சியைத் தணிக்கும். ஆயினும் அது பருமனானது, மடித்த பையில் இடத்தை அடைப்பது, காற்றிலும் தடை மிகுதியாகத் தருவது. ஒன்று எச்சரித்துக் குறுகுகிறது. மற்றொன்று அளவு மாறாதிருந்து அறுகிறது. எதனைத் தேர்ந்தாலும் காவல் தேவையாகிறது.

அக்காவல் எவ்வாறு செய்யப்படுகிறது? பயிற்சி பெற்ற வல்லுநர் ஒவ்வொரு கயிற்றையும் ஒரே அளவான இழுவிசையில் பிடித்து நீளத்தை அளப்பார். குடையைச் செய்தவர் அச்சிட்டுத் தரும் அளவுப் பட்டியலோடு அதனை ஒப்பிடுவார். இடப்புறத்தை வலப்புறத்தோடும் ஒப்பிடுவார். வேறுபாடு வரம்பு கடந்தால் கயிறுகள் முழுவதையும் மாற்றிவிடுவார். குடைத்துணி புதிதுபோல் இருந்தாலும் கயிறுகள் அதன் வாழ்நாளில் பன்முறை மாற்றப்படுவதுண்டு.

நம் நாட்டுப் படைவீரர் ஆக்ராவில் உள்ள பயிற்சிப் பள்ளியில் வான்குதிப்புக் கற்கின்றனர். 1971ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், வங்கதேச விடுதலைப் போரின்போது, டாங்கைல் என்னும் ஊரருகே நம் படையினர் வானிலிருந்து இறங்கினர். பெருந்தொகையினரை ஒருங்கே இறக்குதற்குரிய வட்டக்குடைகளில், நாம் மேலே கண்ட வளையத் துணி இல்லை. அதனால் அவ்வகை உராய்வும் இல்லை. எனினும் நைலான் வெயிலில் வலிவிழக்கும் என்பதால், அவற்றையும் ஒளிபடாத இடத்தில் காக்கின்றனர்.

வான்குடைகளை ஆராய்ந்து உருவாக்கும் அரசு நிறுவனமும் ஆக்ராவிலேயே உள்ளது. விண்வெளி வீரரைத் திரும்பக் கொணரும் ககன்யான் கலத்திற்குரிய குடைகளை உருவாக்குவதில் அந்நிறுவனத்திற்கும் பங்கு உண்டு. கலத்தில் பத்துக் குடைகள் அமைக்கப்படும். அவற்றுள் முதன்மையானவை மூன்று. ஒவ்வொன்றும் 25 மீட்டர் விட்டமுடையது. மூன்றில் இரண்டு விரிந்தாலே கலம் தீங்கின்றிக் கடலில் இறங்கும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் மாதிரிக் கலம் ஒன்றை எலிகாப்டரிலிருந்து இறக்கி இவ்வமைப்பைச் சோதித்தனர். விளையாட்டு வீரரின் குடை நூற்றுக்கணக்கான முறை விரிவது. அதன் கயிறு குறுகினால் அளந்து மாற்றிக்கொள்ள நாள் உண்டு. விண்கலத்தின் குடையோ வீரருடன் ஒரே ஒருமுறை விரிவது. அதன் கயிறுகள் ஒவ்வொன்றையும் தரையிலேயே அளந்து, இழுத்துப் பார்த்து, மடித்து வைத்தாக வேண்டும்.