நரம்பை வெட்டினால் நடந்துவிடுவானா?

"குதிகால் நரம்பை வெட்டி நீட்டிவிட்டா பையன் எழுந்து நடந்துடுவானாமே சார்?" பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கு இருபது வருஷமாகப் பிசியோதெரபி கொடுக்கிறேன். வாரம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார். யார் சொன்னது என்றால், பக்கத்து வீட்டுக்காரரின் மச்சான். அந்த மச்சானை நான் இன்னும் பார்த்ததில்லை.

முதலில், குதிகாலில் வெட்டுவது நரம்பே அல்ல. கெண்டைக்கால் தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண். நரம்பிழைகளை நிஜமாகவே வெட்டும் ஆபரேஷன் முதுகில் நடப்பது, பொறுக்கியெடுத்த சில குழந்தைகளுக்கு மட்டும். இரண்டாவது, கோளாறு இருப்பது மூளையில். காலில் கத்தி வைத்தால் இறுகிய தசை நீளும், திருகிய தொடையெலும்பு நேராகும். எப்போது மடக்கு, எப்போது நீட்டு என்று மூளை அனுப்பும் உத்தரவு மாறாது.

1997ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு இக்குழந்தைகளின் நடமாட்டத்தை 5 நிலைகளாகப் பிரித்தது. முதல் நிலைப் பிள்ளை ஓடும். மூன்றாம் நிலைப் பிள்ளை வாக்கர் பிடித்து நடக்கும். ஐந்தாம் நிலையில் தலை நிற்பதே பாடு. ஆபரேஷன் பெரும்பாலும் இந்த நிலையை மாற்றுவதில்லை. வாக்கரோடு உள்ளே போன பிள்ளை வாக்கரோடுதான் வெளியே வரும். ஆனால் நிமிர்ந்து வரும்.

அப்படியானால் ஆபரேஷனே வீண் என்று எதிர்ப்பக்கம் தாவாதீர்கள். மெல்போர்னில் 2, 3ஆம் நிலைகளில் இருந்த 19 குழந்தைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஒரே தடவையில் பல இடங்களில் ஆபரேஷன் செய்தார்கள். 2011ல் வந்த முடிவு: ஓராண்டில் நடை தெளிவாகத் திருந்தியது, மொத்த உடலியக்கத் திறனில் வித்தியாசமில்லை. இரண்டாம் ஆண்டில்தான் அதில் சிறு ஏற்றம். ஐந்தாண்டுக்குப் பிறகும் நடை கெடவில்லை. மூன்றாம் நிலைப் பிள்ளைகளின் திறன் வழக்கமாக ஏழெட்டு வயதில் உச்சம் தொட்டு, உடல் வளர வளர இறங்கும். அந்த வயதில் ஐந்து வருஷம் தாக்குப்பிடிப்பது சின்ன லாபமா?

இரண்டு காலும் இறுகிய குழந்தைக்குக் குதிகாலை மட்டும் நீட்டி அனுப்புவதுதான் ஆபத்து. நுனிக்காலில் நடந்த பிள்ளை சில வருஷத்தில் முழங்கால் மடங்கி, உட்காரப்போவது போல் நடக்கும். அதை நிமிர்த்துவது முதல் ஆபரேஷனைவிடக் கஷ்டம்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதம் போன் வரும்: "முன்னாடியாவது நடந்தான், இப்போ அதுவும் போச்சு." போகத்தான் செய்யும். பழைய நடமாட்டம் திரும்பவே ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், அதுவும் பயிற்சி இருந்தால். போன மாதம் ஒரு வீட்டில் பீரோ மேல் அட்டைப் பெட்டி. உள்ளே ஆபரேஷனுக்குப் பிறகு அளவெடுத்துச் செய்த ஸ்பிளிண்ட், ஒட்டுப்பட்டையில் தூசுகூட இல்லை. "போட்டா அழறான் சார்." மாட்டிப் பார்த்தேன், கால்விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. லட்சக்கணக்கில் செலவு செய்த வீடு அது!

மற்ற கதைகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். போடாக்ஸ் ஊசி நிரந்தரமா? சில மாதத்தில் வேகம் அடங்கிவிடும். ஆக்சிஜன் அறையா? கனடாவில் 2001லேயே சோதித்தாயிற்று. லேசாக அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்றைச் சுவாசித்த குழந்தைகளும் அதே அளவுதான் முன்னேறினார்கள். எண்ணெய் தேய்ப்பதா? தாராளமாகத் தேயுங்கள், குழந்தைக்குச் சுகம். நடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எனக்கு வேறொரு ஆதங்கம் உண்டு. இக்குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவுகிறது. ஆரம்பத்தில் வலி இருக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஸ்வீடனில் 1994 முதல் தவறாமல் எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிக்கிறார்கள்; மூட்டு முழுதாகக் கழன்றுபோவது அங்கே அபூர்வமாகிவிட்டது. அதனால் குதிகாலைப் பற்றிக் கேட்பவரிடம் நானும் திருப்பிக் கேட்கிறேன்: "இடுப்புக்குக் கடைசியா எப்போ எக்ஸ்ரே எடுத்தீங்க?" அவர் மறுபடியும் குதிகாலைத்தான் தொட்டுக் காட்டுகிறார்.