பனியாறு பார்க்கவா, கப்பல் பார்க்கவா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. சியாட்டிலில் இருக்கும் மகன் அலாஸ்காவுக்குக் கப்பலில் கூட்டிப்போகிறேன் என்கிறார். அவருக்கும் மருமகளுக்கும் ‘செலிப்ரிட்டி எட்ஜ்’ கப்பல் மீது கண். உங்கள் கணவராகிய சாரோ, நண்பர் ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ‘ஹாலந்து அமெரிக்கா’ கம்பெனிதான் என்று நிற்கிறார். எட்டு வயதுப் பேரன் எதில் ஏற்றினாலும் சம்மதம் என்கிறான். கடைசியில் தீர்ப்பு சொல்லும் வேலை உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. “இரண்டில் எது நல்ல கம்பெனி?” என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் இப்போது இதே பேச்சு என்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இரண்டும் நல்ல கம்பெனிகள்தாம். கூட்டமும் கூச்சலும் நீர்ச்சறுக்குகளும் நிறைந்த பெரிய கப்பல்களுக்கு ஒரு படி மேலே, கோடீஸ்வரர்களுக்கான சிறிய கப்பல்களுக்கு ஒரு படி கீழே, ‘பிரீமியம்’ என்று ஒரு வரிசை உண்டு. இரண்டுமே அந்த வரிசையில் இருப்பவை. அறை சுத்தம், சாப்பாடு, உபசரிப்பு ஆகியவற்றில் ஒன்று தங்கம், மற்றது பித்தளை என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டின் குணம் வேறு. அலாஸ்கா என்று வரும்போது போகும் இடமும் வேறு. அதைத்தான் உங்கள் வீட்டில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

முதலில் குணம். ஹாலந்து அமெரிக்கா 1873-இல் ராட்டர்டாமில் தொடங்கிய கம்பெனி. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறப் போனவர்களை ஏற்றிச் சென்று வளர்ந்தது. 1989-இல் கார்னிவல் குழுமத்தின் கைக்கு வந்தது. இன்று தலைமையகம் சியாட்டிலில்தான், உங்கள் மகன் ஊரில்தான் இருக்கிறது. கப்பல்கள் நடுத்தர அளவு. சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்வரும் ‘யூரோடாம்’ ஏறத்தாழ 2,100 பயணிகளுக்கானது. மரப்பலகை பதித்த நடைதளம் கப்பலை முழுதாகச் சுற்றி வருகிறது. மாலையில் பாட்டு, பியானோ, இசைக்குழு. பயணிகளில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம். இரவு பதினொன்றுக்கு மேல் கப்பல் அடங்கிவிடும்.

செலிப்ரிட்டி 1988-இல் கிரேக்கத்தின் சாண்ட்ரிஸ் குடும்பம் தொடங்கியது. 1997-இல் ராயல் கரீபியனோடு சேர்ந்தது. 2018-இல் வந்த ‘எட்ஜ்’ அதன் போக்கையே மாற்றிய கப்பல். ஏறத்தாழ 2,900 பயணிகள். கப்பலின் பக்கவாட்டில் ‘மேஜிக் கார்பெட்’ என்றொரு ஆரஞ்சு நிற மேடை, டென்னிஸ் மைதானம் அளவில், தளத்துக்குத் தளம் ஏறி இறங்கும். ஒரு வேளை அது மதுக்கூடம், ஒரு வேளை உணவகம், ஒரு வேளை கரைக்குப் படகு ஏறும் துறை. அறைகளைத் தொழில்முறை வடிவமைப்பாளர் கெல்லி ஹாப்பன் அலங்கரித்தார். பல அறைகளில் வெளியே நீட்டிய பால்கனி கிடையாது. பால்கனி இருக்க வேண்டிய இடமும் அறைக்குள்ளேயே சேர்ந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடியின் மேல்பாதி கீழே இறங்கும். கரீபியன் வெயிலில் இது அருமையான ஏற்பாடு. ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் கேட்கும் அலாஸ்காவில், கண்ணாடியை இறக்கினால் குளிர் கட்டில் வரை வரும்.

உங்கள் மகனும் மருமகளும் எட்ஜைக் கேட்பதில் தப்பே இல்லை. நல்ல உணவகம், நவீன அலங்காரம், ராத்திரி வெகுநேரம் வரை கலகலப்பு, பனி உறைந்த மேடைமேல் பாட்டிலைச் சுழற்றி வித்தை காட்டும் மார்ட்டினி பார் என்று முப்பது நாற்பது வயதுத் தம்பதிக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. அவர்கள் இருவர் மட்டும் போவதாக இருந்தால் நானும் எட்ஜைத்தான் சொல்வேன்.

ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி என் கண்ணில் நின்றது. “பனி மலை கடலில் உடைந்து விழுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கப்பலின் அலங்காரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வரைபடத்தைப் பார்ப்போம்.

அலாஸ்காவில் கிளேசியர் பே என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள இடம். 1794-இல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் அந்தப் பக்கம் அளந்துகொண்டு வந்தபோது இன்றைய விரிகுடா அநேகமாக முழுவதும் பனிக்குள் இருந்தது. வாசலில் பனிச்சுவர் நின்றது. பிறகு பனி பின்வாங்கத் தொடங்கியது. 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் படகில் வந்தபோது விரிகுடா வெகுதூரம் திறந்திருந்தது. 1916-க்குள் பனி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. இரண்டு மனித ஆயுள் காலத்துக்குள் ஒரு கடலே பிறந்திருக்கிறது. அதற்கும் முன்னால் பனி முன்னேறி வந்து, அங்கே வாழ்ந்த ஹூனா திலிங்கிட் மக்களை ஊரைவிட்டே விரட்டியிருக்கிறது. இன்றும் அது தங்கள் பூர்விக மண் என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள்.

இந்த விரிகுடாவுக்குள் ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு பெரிய பயணக் கப்பல்களைத்தான் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை அனுமதிக்கிறது. திமிங்கிலங்களுக்கும் கடல்நாய்களுக்கும் தொந்தரவு வரக்கூடாது என்பதற்கான கட்டுப்பாடு. அந்த அனுமதியை நீண்டகால ஒப்பந்தமாகச் சில கம்பெனிகள் வைத்திருக்கின்றன. ஹாலந்து அமெரிக்காவும் பிரின்சஸும் அதில் முக்கியமானவை. செலிப்ரிட்டி அதில் இல்லை. எட்ஜில் எவ்வளவு பணம் கட்டி எவ்வளவு பெரிய அறை எடுத்தாலும் கிளேசியர் பே வாசலுக்குள் அது போகாது.

அனுமதி பெற்ற கப்பலில் அந்த நாள் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். காலையில் பூங்காவின் ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறுவார்கள். திலிங்கிட் சமூகத்தைச் சேர்ந்த வழிகாட்டியும் வருவதுண்டு. ஒலிபெருக்கியில் விளக்கம், கேள்வி பதில், குழந்தைகளுக்கு ‘ஜூனியர் ரேஞ்சர்’ பயிற்சிப் புத்தகம் எல்லாம் உண்டு. அன்று யாரும் கரை இறங்குவதில்லை. மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நிற்கும். தண்ணீருக்கு மேல் மட்டும் எழுபது எண்பது மீட்டர் உயரம், முகப்பின் அகலம் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு. கப்பல் அங்கேயே மெதுவாகச் சுற்றித் திரும்பும். ஆகவே இடப்பக்க அறையா வலப்பக்க அறையா என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஹாலந்து அமெரிக்கா வழக்கமாகக் கப்பலின் முன்மூக்குத் தளத்தை அன்று திறந்துவிட்டு, சுடச்சுட டச்சுப் பட்டாணி சூப் கொடுக்கும். அதில் பன்றி இறைச்சி சேர்ப்பது டச்சு வழக்கம் என்பதால் கேட்டுவிட்டுக் கோப்பையை வாங்குங்கள்.

செலிப்ரிட்டியில் போனால் பனியாறே பார்க்க முடியாதா என்றால், அப்படியில்லை. எட்ஜ் போகும் எண்டிகாட் ஆர்ம், மலைகள் நெருக்கி நிற்கும் ஒரு நீண்ட கடல் நீட்சி. அதன் முடிவில் டாஸ் பனியாறு இருக்கிறது. அழகான இடம்தான். ஆனால் மிதக்கும் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டால் கப்பல் தூரத்திலேயே திரும்பிவிடும். செலிப்ரிட்டியின் வேறு சில கப்பல்கள் ஹப்பர்டு பனியாற்றுக்குப் போகின்றன. வட அமெரிக்காவில் கடலைத் தொடும் பனியாறுகளில் மிகப் பெரியது அது. நீளம் ஏறத்தாழ 122 கிலோமீட்டர். உலகத்துப் பனியாறுகள் தேய்ந்துகொண்டிருக்கும் காலத்தில் முன்னே வளர்ந்துகொண்டிருப்பது. 1986-இலும் 2002-இலும் பக்கத்துக் கடல் நீட்சியின் வாயையே அடைத்து அதை ஏரியாக்கியது. மகன் செலிப்ரிட்டியில்தான் என்று நின்றால், ஹப்பர்டு போகும் கப்பலாகப் பார்க்கச் சொல்லுங்கள். அது சமாதான உடன்படிக்கை.

அடுத்து, கப்பல் ஆடினால் தலைசுற்றும் என்று நீங்கள் எழுதியிருந்த விஷயம். சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் வழியாகப் போகின்றன. ஒரு நாளாவது ஆட்டம் இருக்கலாம். கனடாவின் வான்கூவரிலிருந்து கிளம்பினால், தீவுகளுக்கு உள்ளே ஒதுங்கிய நீர்வழியில் பெரும்பகுதி போகலாம். அலை குறைவு, இரு பக்கமும் காடு. எட்ஜ் சியாட்டிலிலிருந்துதான் அலாஸ்கா போகிறது. ஹாலந்து அமெரிக்காவுக்கு இரண்டு ஊரிலிருந்தும் கப்பல் உண்டு. மகன் வீட்டிலிருந்து வான்கூவர் காரில் சில மணி நேரம்தான். எந்தக் கப்பலானாலும் கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் அறை எடுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. லிஃப்ட் பக்கமாகக் கேட்டால் சாரின் முழங்காலுக்கும் நல்லது.

பேரனைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகளைக் கவனிக்கும் ஏற்பாடு செலிப்ரிட்டியில்தான் கூடுதல். அதற்கான அறைகளும் ஆட்களும் அங்கே அதிகம். ஆனால் குளத்தில் குதிக்க வேண்டும் என்றால் கதை வேறு. எட்ஜில் கண்ணாடிக் கூரை போட்ட வெதுவெதுப்பான குளம் பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைக்கு மிஞ்சுவது திறந்தவெளிக் குளம். யூரோடாம் போன்ற கப்பல்களில் நடுக்குளத்துக்கு மேல் இழுத்து மூடும் கூரை இருப்பதால், வெளியே மழை பெய்தாலும் பிள்ளை நனைந்துகொண்டே இருக்கலாம், சளி பிடிக்காமல்.

சாப்பாட்டுக்கு இரண்டும் சமம். இரண்டிலும் இந்தியச் சைவம் கேட்டால் செய்து தருவார்கள். முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் நாள் இரவு உணவறை மேற்பார்வையாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று அவரே கேட்டுப் போவார். வருவது பெரும்பாலும் வடக்கத்தி சமையல்: பருப்பு, பனீர், ரொட்டி. சோறும் தயிரும் கிடைக்கும். வத்தக்குழம்பை வீடு திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம்.

பணம். விளம்பரத்தில் வரும் கட்டணத்தோடு கணக்கு முடியாது. இரண்டு கம்பெனிகளும் பணியாளர்களுக்கான டிப்ஸை ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று பில்லில் தானாகவே சேர்க்கும். பேரனுக்கும் சேர்த்துத்தான். மதுவையும் இணையத்தையும் கட்டிய ‘பேக்கேஜ்’ கட்டணம் மலிவுபோலத் தோன்றும். ஒரே அறையில் ஒருவர் மது பேக்கேஜ் எடுத்தால் இன்னொரு பெரியவரும் எடுக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. நீங்களும் சாரும் குடிக்காதவர்கள் என்பதால் வெறும் பயணக் கட்டணம் போதும். தண்ணீர், சாதாரணக் காபி, தேநீர் எல்லாம் இலவசம். கரையில் ஹெலிகாப்டர், திமிங்கிலம் பார்க்கும் படகு, ஸ்காக்வே ஊரின் ரயில் என்று தொடங்கினால் செலவு அங்கேதான் ஏறும். அவற்றுக்குப் பணத்தை மிச்சம் வையுங்கள்.

விசாவை மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்காவில் கிளம்பி அமெரிக்காவிலேயே பயணிகளை இறக்க 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடையாக இருக்கிறது. அதனால் சியாட்டில் கப்பலும் விக்டோரியா போன்ற கனடாத் துறைமுகம் ஒன்றில் நின்றுதான் திரும்பும். கரை இறங்காவிட்டாலும் உங்கள் இருவருக்கும் கனடா விசா வேண்டும் என்று வைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து கிளம்புமுன் வாங்கிவிடுங்கள். அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். மகனின் எச்-1பி வேலை விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், டிக்கெட் போடுமுன் அவர் தம் கம்பெனி வழக்கறிஞரைக் கேட்கட்டும்.

இனி தீர்ப்பு. இந்தத் தடவை ஹாலந்து அமெரிக்கா. கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதன் எல்லாக் கப்பலும் எல்லா வாரமும் கிளேசியர் பே போவதில்லை. பயணத் திட்டத்தில் அந்தப் பெயர் எழுதியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்தபிறகு பணம் கட்டச் சொல்லுங்கள். முடிந்தால் வான்கூவரிலிருந்து, ஜூன் அல்லது ஜூலையில். மகனும் மருமகளும் எட்ஜை விட்டுவிட வேண்டியதில்லை. குளிர்காலத்தில் அவர்கள் இருவரும் கரீபியனுக்கு செலிப்ரிட்டியில் போய் வரட்டும், கண்ணாடியை இறக்கிக் கடல் காற்று வாங்கட்டும். அந்த வாரம் பேரனைப் பார்த்துக்கொள்ள நீங்கள் சம்மதித்தால் வீட்டில் மறுப்பே இருக்காது.

அன்புடன்,
உங்கள் பயணப் பகுதி எழுத்தாளர்